பூஞ்சை பூத்த சீஸும் பலாச்சுளையும்: இது ருசியா, பாவனையா?

11 மே 2024, காலை: மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

பிரான்சில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது, நீல நரம்பு ஓடிய சீஸ் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்து வந்திருக்கிறான். ஃபிரிஜ்ஜைத் திறந்தாலே கூடம் வரை நாறுகிறது. அதன்மேல் தேனை ஊற்றித் தின்ன வேண்டுமாம். பூஞ்சை பிடித்த பண்டத்தை ஒருவர் சிலாகித்துத் தின்பது உண்மையிலேயே ருசியா, அல்லது வெளிநாட்டுப் பாவனையா? சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

11 மே, இரவு 10.15

ருசிதான், அம்மா. ஆனால் கொஞ்சம் பாவனை செய்யாமல் அந்த ருசிக்குள் நுழைய முடியாது.

1986இல் நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். (வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுபவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள்.) அவருடைய மகன் பாரிசிலிருந்து கொண்டுவந்த ரோக்ஃபோர்ட் சீஸைப் பீங்கான் தட்டில் வைத்து, மேலே தேன் விட்டு, பெரியவர் என் முன்னால் நகர்த்தினார். குடியிருப்பவன் மறுப்பது மரியாதையாகாது என்பதால் வாயில் போட்டேன். ஐப்பசி மழையில் ஊறிய சுவரும் கல்லுப்பும் ஒன்றாகக் கரைவது போலிருந்தது. அடுத்த கணம் மூக்கின் உட்புறத்தில் மிளகு போன்ற ஓர் உறைப்பு ஏறியது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் இரண்டு சொற்கள். "த்ரே பியேன்" (மிக நன்று) என்று அந்த இரண்டையும் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு, கொல்லைப்புறம் போய்த் துப்பினேன். நான்காவது முறை கொடுத்தபோது துப்பவில்லை.

கெட்டுப்போனதா என்பதுதான் தங்கள் கேள்வியின் உள்ளீடு. ரோக்ஃபோர்ட் செம்மறியாட்டுப் பாலில் செய்யப்படுவது. தெற்குப் பிரான்சில் கொம்பலூ மலையின் குகைகளில் முதிர வைக்கப்படுவது. அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு 1925 முதல் அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. நீல நரம்பு தானாக வந்து குடியேறியதன்று. பெனிசிலியம் ரோக்ஃபோர்டி என்ற பூஞ்சையைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். நம் வீட்டில் கருவாட்டுப் பானையைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிகிறது. நாம் அதைக் கெட்டுப்போன மீன் என்று சொல்வதில்லை. தோசை மாவு புளிப்பதும் அதே கதைதான்.

13 மே

மேலே எழுதியதன் கடைசி இரண்டு வரிகளை ஒரு நண்பர் சரியாகப் பிடித்துக்கொண்டார். முப்பது ஆண்டு வேதியியல் கற்பித்தவன் இப்படி எழுதியிருக்கக் கூடாது. கருவாடு பெரும்பாலும் உப்பாலும் வெயிலாலும் ஈரத்தை இழந்து நிற்பது. தோசை மாவு பாக்டீரியாவால் புளிப்பது. சீஸின் நீலம் பூஞ்சையால் வருவது. மூன்றும் வேறு வேறு வழிகள். இன்னும் முக்கியமானது, ரோக்ஃபோர்ட்டில் பூஞ்சை இருக்கிறதே என்று வீட்டில் பூத்த ரொட்டியையோ வேர்க்கடலையையோ யாரும் தின்றுவிட வேண்டாம். கடலையில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்னும், ஈரலைக் கெடுக்கும் நஞ்சைத் தருபவை. வறுத்தாலும் அது முழுமையாக ஒழியாது. எந்தப் பூஞ்சை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தைரியத்தில் இல்லை.

இன்னொரு திருத்தம். தேன் என்று எழுதினேன். இரவெல்லாம் யோசித்ததில், அது பூவன் பழம் என்று நினைவு வந்துவிட்டது. தேன் வந்தது பிறகு.

14 மே

நான்காவது முறை துப்பவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் நான்கு முறையில் எதுவும் பழகிவிடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் நான்கு முறைக்கும் இடையில் இரண்டு ஆண்டு ஓடிற்று, ஐயா. பெரியவரின் மகன் ஆண்டுக்கு இருமுறைதான் வருவார்.

பெயரின் வலிமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பியூட்டிரிக் அமிலமும் ஐசோவலேரிக் அமிலமும் கலந்த ஒரே கரைசலை மனிதர்களிடம் முகரக் கொடுத்தார்கள். பார்மெசான் சீஸ் என்று சொல்லிக் கொடுத்தபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். வாந்தி என்று சொல்லிக் கொடுத்தபோது முகம் சுளித்தார்கள். குப்பி ஒன்று, மூக்கும் ஒன்று. தங்கள் மகன் முதலில் அந்தத் தாளைப் பிரித்தபோது "பூஞ்சை" என்ற சொல் எழுந்ததா, "சீஸ்" என்ற சொல் எழுந்ததா என்பதை நினைத்துப் பாருங்கள். பழந்தமிழில் மலர்கள்கூட நாறின. இன்று நாறுவது சாக்கடைதான். ஒரு சொல்லே இவ்வளவு தூரம் இடம் மாறியிருக்கும்போது மூக்கை மட்டும் குறை சொல்வானேன்?

17 மே

சொல்தா வீட்டைச் சொன்னவன் அந்த வீட்டுப் பாட்டியைச் சொல்லாமல் விட்டது பெருந்தவறு. அவர் வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் அரசு அலுவலர்களாகவும் படைவீரர்களாகவும் இந்தோசீனாவுக்குப் போனார்கள். திரும்பும்போது சிலர் வியட்நாமிய மனைவியரோடு திரும்பினார்கள். அதனால்தான் புதுச்சேரியின் சில பழைய வீடுகளில் 'சா யோ' என்னும் பொரித்த சுருளும் சாம்பாரும் ஒரே அடுப்பில் வேகின்றன.

பாட்டியின் அலமாரியில் ஒரு பழுப்பு நிறப் புட்டி இருந்தது. நுவோக் மாம். நெத்திலி வகை மீனையும் உப்பையும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மரத்தொட்டியில் அடுக்கி, ஓராண்டு ஊற விட்டு வடிக்கும் சாறு அது. மூடியைத் திறந்தால் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்த பிறகு வீசும் காற்று அப்படியே வரும். அதில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நசுக்கிய பூண்டு, பச்சை மிளகாய், தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் நாற்றம் எங்கே போனது என்று தெரியாது. இனிப்பும் புளிப்பும் உறைப்பும் முன்னால் நிற்க, மீன் பின்னால் இருந்து தூக்கிக் கொடுக்கும். தூக்கிக் கொடுப்பது குளுட்டமேட். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனாயே இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமான அதே பொருள். ரசத்தில் தக்காளி செய்யும் வேலையும் ஓரளவு இதுதான்.

அதே பாட்டி, நான் ரசம் தாளிக்கும்போது சன்னலைச் சாத்திவிடுவார். பெருங்காயம். மீன் சாற்றோடு வாழ்ந்த மூக்கு பெருங்காயத்துக்குப் புரண்டு படுத்தது. ஜெர்மானியர்கள் அதற்குப் 'பிசாசின் மலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது, பாட்டி எவ்வளவு நாகரிகமாக நடந்துகொண்டார் என்று புரிந்தது.

17 மே, சற்று நேரம் கழித்து

எழுதி முடித்த பிறகு தோன்றியது. மீன் சாறு புதுச்சேரிக்குச் சைகோன் வழியாகத்தான் முதன்முதலில் வந்தது என்ற தொனி மேலே இருக்கிறது. இல்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் பகுதிச் சாடித் துண்டுகளில் மது வந்தவை மட்டுமல்லாமல், கேரம் என்னும் ரோமானிய மீன் சாறு வந்தவையும் உண்டு என்று பின்னாளில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கேரமும் மீனை உப்பிலிட்டு நொதிக்க வைத்து எடுப்பதுதான். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அந்தச் சாடியைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற நம்மூர்க்காரர் மூக்கைப் பொத்தினாரா, விரல் தொட்டுப் பார்த்தாரா என்பதைத்தான் அறிய முடியவில்லை.

20 மே

இதுவரை எழுதியதைப் படித்தால், எதையும் தின்று சீரணித்தவன் என்ற பெருமை தெரிகிறது. அதைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.

என் தங்கை மகள் பின்லாந்தில் இருக்கிறாள். சென்ற ஆண்டு வந்தபோது ஒரு சிறிய அட்டைப் பெட்டி கொடுத்தாள். உள்ளே கரிக்கட்டை போன்ற கறுப்பு மிட்டாய்கள். "சல்மியாக்கி, மாமா. அங்கே குழந்தைகள்கூடத் தின்னும்" என்றாள். ஒன்றை வாயில் போட்டேன். முதலில் அதிமதுரம். சளிக்குப் பாட்டி வைத்தியத்தில் சப்பியதுதான், பயமில்லை. மூன்று விநாடி கழித்து நாக்கின் இரு ஓரங்களிலும் உப்பும் இல்லாத, கசப்பும் இல்லாத ஒரு கடுமை இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. அதோடு என் எட்டு வயதும் வந்தது.

முதுநகரில் எங்கள் தெருவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஈயம் பூசுபவர் வருவார். தரையில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைக் கவிழ்த்துச் சூடேற்றி, பிறகு நிமிர்த்தி, உள்ளே வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவுவார். குபீரென்று வெண்புகை எழும். அந்தப் புகையில் இருமிக்கொண்டே, கையில் பஞ்சோடு உருகிய ஈயத்தை ஒரே சுழற்றில் இழுப்பார். கறுத்த அண்டா நிலவு போல் வெளுக்கும். அந்தப் பொடி நவச்சாரம். அம்மோனியம் குளோரைடு. மிட்டாய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானத்தில் அம்மோனியம் குளோரைடு என்று அச்சிட்டிருந்தது. சல்மியாக் என்ற சொல்லே அதன் பழைய லத்தீன் பெயரின் சுருக்கம்தான்.

எத்தனையோ ஆண்டுகள் ஆய்வகத்தில் கையாண்ட உப்பை மிட்டாயாக ஏற்க என் நாக்கு உடன்படவில்லை. பாதியில் துப்பினேன். பெட்டியில் இன்னும் பதினொன்று இருக்கின்றன. தெருவுக்கு வந்த அந்தப் பெரியவருக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது. ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டு.

21 மே

அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று ஒரு மருத்துவ அன்பர் நினைவூட்டியிருக்கிறார். உண்மை. பெரியவருக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

24 மே

பண்ருட்டியிலிருந்து உறவினர் ஒரு பலாப்பழம் அனுப்பியிருந்தார். வாசகியின் கேள்வி மனத்தில் இருந்ததால், புதுச்சேரியில் போய் நீலச் சீஸ் ஒரு சிறு துண்டு வாங்கி வந்து, கொட்டை நீக்கிய சுளைக்குள் கடலைப்பருப்பளவு வைத்து மூடித் தின்றேன். முதல் கடியில் பலாவின் இனிப்பு மட்டும். நடுவில் உப்பு வெடித்தது. முடிவில் இரண்டும் சேர்ந்து நெய்யில் வதக்கிய ஏதோ ஒன்றின் மணம். தேனைவிட இது மேல் என்பேன், ஏனென்றால் சுளையில் கடிபடும் நார் இருக்கிறது, தேன் வழிந்துவிடுகிறது. என் மனைவி ஒன்று தின்றுவிட்டு, "சுளையையும் கெடுத்தாச்சு, அதையும் கெடுத்தாச்சு" என்றார். எதைக் கெடாத பண்டமாக அவர் முன்பு கருதினார் என்று கேட்கவில்லை.

பழம் தீர்ந்ததும் கொட்டை மிஞ்சியது. மறுநாள் பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டு வாளைக் கருவாட்டுக் குழம்பு. கடலூர்ப் பக்கத்தில் இதை யாரும் விசித்திரக் கலவை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பழத்தின் விதையையும் உப்பில் உலர்ந்த மீனையும் புளியில் கொதிக்க விடுகிறோம் என்று பின்லாந்தில் எழுதிப் பார்த்தால் தெரியும்.

26 மே

சேர்மானத்துக்கு விதி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு என்று சில சமையல் வல்லுநர்கள் நம்பினார்கள்: இரண்டு பொருள்களுக்கு மணம் தரும் மூலக்கூறுகள் பொதுவாக இருந்தால் அவை சேரும் என்பது அவர்கள் கணக்கு. 2011இல் 56,000க்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளைக் கணினியில் அலசியபோது, மேற்கத்தியச் சமையல் ஓரளவு அப்படியே நடப்பதும், கிழக்காசியச் சமையல் அதற்கு எதிராக நடப்பதும் தெரிந்தது. 2015இல் ஜோத்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2,500க்கும் மேற்பட்ட இந்தியக் குறிப்புகளை அலசினார்கள். நம் சமையலில் சேர்ந்து வரும் பொருள்கள் மணத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை என்பதும், இந்த விலகலுக்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருள்கள் என்பதும் அவர்கள் கண்டது. குழம்பில் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பேசுகிறது என்று என் மனைவி எப்போதும் சொல்வதைத்தான் கணினியும் சொல்லியிருக்கிறது.

29 மே

இதை எழுதலாமா என்று தயங்கினேன். 14ஆம் தேதிக் குறிப்பில் எல்லாம் பெயராலும் பழக்கத்தாலும் வருவது என்பது போல் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மையன்று.

எங்கள் மருமகள் வந்த புதிதில் கொத்தமல்லித் தழையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையோரம் ஒதுக்குவாள். சோப்பு வாசம் என்பாள். நான் விடவில்லை, பழகிவிடும், நான் பூஞ்சைச் சீஸையே பழகினேன் என்று கேலி செய்தேன். விருந்தினர் முன்னால்கூடச் செய்திருக்கிறேன். பிறகுதான் படித்தேன்: கொத்தமல்லியின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் சோப்பிலும் உண்டு, முகர்வு தொடர்பான OR6A2 என்ற மரபணுவின் அருகிலுள்ள ஒரு வேறுபாட்டுக்கும் இந்தச் சோப்பு உணர்வுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அவள் சொன்னது பிடிவாதமன்று, அறிக்கை. இப்போது எங்கள் வீட்டில் ரசத்தை இறக்கியதும் அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்த பிறகே தழை தூவுகிறோம். நான் அவளிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்து வைப்பது நான்தான்.

நாக்கை நம்பாதவர்கள் சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை நன்றாக மென்றுவிட்டுச் சர்க்கரை தின்று பாருங்கள். வாயில் மணல் இருக்கும். வகுப்பில் ஆண்டுதோறும் செய்து காட்டுவேன். சர்க்கரைக்கொல்லி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

2 ஜூன்

வாசகியின் மகனே எழுதியிருக்கிறார். சீஸ் தீர்ந்துவிட்டதாம், அம்மா தேனோடு தின்னவில்லை, ஆனால் கடைசித் துண்டைச் சூடான தோசையில் பூசி, மிளகாய்ப் பொடி தூவி, யாரும் பார்க்காத நேரத்தில் தின்றதை அவர் பார்த்துவிட்டாராம். அதோடு ஒரு கேள்வி: பிரான்சில் 'வதுவான்' என்ற பெயரில் ஒரு மசாலா விற்கிறது, இது நம்மூர்ச் சரக்கா?

நம்மூர்ச் சரக்குதான், தம்பி. வடகத்தை வடவம் என்றும் சொல்வோமல்லவா, அது புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் வதுவான் ஆயிற்று. என் அம்மா சித்திரை வெயிலில் போடுவார். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பாயில் காய வைப்பார். மாலையில் உருண்டைகளை உடைத்து மீண்டும் பிசைந்து பானையில் மூடி வைப்பார்; காலையில் மீண்டும் உருட்டல், வெயில். ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைப்பார். அந்த நாள்களில் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் நகர்ந்து உட்காருவான். பிரெஞ்சுக்காரர்கள் அதை வெண்ணெயில் கரைத்து மீனுக்கு ஊற்றுகிறார்கள். அவர்கள் பொடியில் விளக்கெண்ணெய் இருப்பதில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டமா, இழப்பா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. வெண்ணெயோடு ஒரு நாள் நானும் செய்து பார்த்தேன். வடகம் கருகுவதற்குள் வெண்ணெய் கருகிவிட்டது. நெய்க்கு மாறினேன்.

9 ஜூன்

இன்று காலை ஈயம் பூசிய பெரியவரின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. என் அப்பா பெயரைச் சொன்னதும் அண்டாவின் அளவைச் சொன்னார். மிட்டாயைக் கையில் கொடுத்து, என்னவென்று சொல்லவில்லை. முகர்ந்தார். வாயில் போட்டுக்கொண்டார். நான் கண்ணில் நீர் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கி, தெருவைப் பார்த்தபடியே, கரையும் வரை சப்பினார்.

"நவச்சாரம்ல?" என்றார்.

ஆமாம் என்றேன். அந்த நாட்டில் குழந்தைகள் தின்பார்களாம் என்றும் சொன்னேன்.

"நாப்பது வருசம் மூக்கால தின்னேன்" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டினார். அவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு என்று அவருடைய மருமகள் உள்ளிருந்து குரல் கொடுத்ததால், இரண்டாவதைக் கொடுக்காமல் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒன்று தருவதாக ஒப்பந்தம்.